நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து வாசியுங்கள்

பெரிய மருத்துவமனைகளில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். கார்டியாலஜி, நெஃப்ராலஜி, ஆஃப்தல்மாலஜி, கேஸ்ட்ரோஎன்டராலஜி என்று எந்த மாடியில் எந்தப் பிரிவு என்பது ஆங்கிலத்தில் வரிசையாக இருக்கும். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட அந்தக் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். முதல் நாலைந்து எழுத்தைக் கூட்டுவார்கள். மீதி எழுத்துகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டு, "வயிற்று டாக்டர் எந்த மாடி?" என்று யாரையாவது கேட்பார்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் 16 எழுத்துள்ள அந்தச் சொல்லை ஐந்து நிமிடப் பயிற்சியில் சரளமாகச் சொல்லிவிடலாம். அதே முறையில் அதன் சொந்தக்காரச் சொற்கள் நூறையும் சொல்லிவிடலாம்.

தடை எங்கே வருகிறது என்றால், நாம் தமிழை வாசிக்கும் பழக்கத்தில் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறோம். தமிழில் அது சரியாக வரும். எழுத்துக்கு ஒலி ஏறக்குறைய நிலையானது. முதல் எழுத்தைச் சொல்லக் கடைசி எழுத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீளமான ஆங்கிலச் சொல்லில் நிலைமை வேறு. சொல்லின் எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எந்த உயிரொலி முழுசாக வர வேண்டும், எது மங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதன் வால்தான் முடிவு செய்கிறது. அதனால் வாலைப் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

ஒரு குறியீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு போடுகிறேன். குரல் ஏறி அழுத்தமாக வரும் அசைக்கு முன்னால் ' என்ற குறியைப் போடுகிறேன். ஆங்கில அகராதிகளிலும் ஏறக்குறைய இதே குறிதான் இருக்கும், பழகிக்கொள்வது நல்லது.

முதலில்: ஒரு சொல்லுக்கு இரண்டு வெட்டு

ஹெலிகாப்டர் என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் ஹெலி, காப்டர் என்றுதான் எல்லோரும் பிரிப்பார்கள். ஆங்கிலம் பேசுபவர்களும் அப்படி நினைத்துத்தான் ஹெலிபேட் போன்ற சொற்களை உண்டாக்கினார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கட்டிய இரண்டு கிரேக்கத் துண்டுகள் 'ஹெலிகோ', 'ப்டெர்'. முதலாவது சுருள், இரண்டாவது இறக்கை. சுழலும் இறக்கை என்று பொருள் வருகிறது. சொல்லிப் பார்த்தாலோ 'ஹெ-லி-காப்-டர் என்று நான்கு அசை. பொருளுக்கான வெட்டு 'ப்' என்ற ஒலிக்கு முன்னால் விழுகிறது. ஒலிக்கான வெட்டு அதற்குப் பின்னால் விழுகிறது.

இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. எதனால் கட்டப்பட்டது என்று பார்ப்பது ஒரு வேலை. எத்தனை அசையாக ஒலிக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வேலை. கார்டியாலஜியின் கட்டுமானம் 'கார்டியோ', 'லஜி'. ஒலிக்கும்போது கா-டி-'ஆ-ல-ஜி. கட்டுமானத்தில் முன் துண்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'ஓ', ஒலிக்கும்போது தனி அசையாகி, சொல்லின் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது.

பொருளுக்காகப் பிரிப்பது

பள்ளியில் 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்து எழுதியிருப்போம். நன்னூல் சொல்லும் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்ற ஆறு உறுப்புகளும் நினைவிருந்தால், ஆங்கில நெடுஞ்சொல் ஒன்றும் புதிதாகத் தெரியாது. பகுதியும் விகுதியும் அங்கேயும் உண்டு. கூடுதலாக முன்னொட்டும் உண்டு.

சாரியைகூட இருக்கிறது. மரம் + ஐ என்பது 'மரத்தை' ஆகும்போது நடுவில் 'அத்து' வந்து நிற்கிறதல்லவா? கிரேக்கத் துண்டுகள் சேரும்போது நடுவில் 'ஓ' வந்து நிற்கும். கேஸ்ட்ர் + ஓ + என்டர் + ஓ + லஜி. கேஸ்ட்ர் என்றால் இரைப்பை, என்டர் என்றால் குடல், லஜி என்றால் அதைப் பற்றிய அறிவு. பின்னால் வரும் விகுதி உயிரொலியில் தொடங்கினால் இந்த 'ஓ' பெரும்பாலும் விழுந்துவிடும்: கேஸ்ட்ர் + ஐடிஸ் = கேஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பை அழற்சி.

விகாரத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. இல்லை என்ற பொருள் தரும் 'இன்' என்ற முன்னொட்டு, அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மாறும். பாஸிபிள் முன்னால் 'இம்', லீகல் முன்னால் 'இல்', ரெகுலர் முன்னால் 'இர்'. மரம் + கள் 'மரங்கள்' ஆவதும் இதே காரணத்தால்தான். வாய்க்கு எளிதான பக்கம் ஒலி சாய்கிறது.

ஆங்கிலத்தில் அன்றாடச் சொல் குட்டையாகவும் படிப்புச் சொல் நீளமாகவும் இருப்பதற்கு வரலாறுதான் காரணம். 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாக எடுத்தார்கள். அதனால் ஒரே உறுப்புக்கு மூன்று சொல் புழங்குகிறது. வீட்டில் கிட்னி, பரிசோதனைச் சீட்டில் லத்தீன் வழி வந்த ரீனல், பலகையில் கிரேக்க வழி வந்த நெஃப்ராலஜி. நுரையீரலும் அப்படித்தான்: லங், பல்மனரி, நிமோனியா.

மருத்துவமனையில் திரும்பத் திரும்ப வரும் வால்கள் குறைவுதான். ஐடிஸ் என்றால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. ஆஸ்கபி என்றால் கருவி விட்டுப் பார்ப்பது. ஆல்ஜியா என்றால் வலி. ஓமா என்றால் பெரும்பாலும் கட்டி; க்ளாகோமா போன்ற விலக்குகளும் உண்டு, அது கண்ணின் நரம்பைப் பாதிக்கும் நோய். இவற்றோடு தலைப்பக்கம் ஹைப்பர், ஹைப்போ என்ற இரண்டையும் கட்டாயம் வேறுபடுத்திக் கொள்ளுங்கள். ஹைப்பர் மிகுதி, ஹைப்போ குறைவு. சர்க்கரை நோயாளி வீட்டில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ஹை-போ-க்ளை-'ஸீ-மி-அ என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. ஹைப்பர் என்று தொடங்கினால் கூடிவிட்டது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேரெதிர்.

அசையை எண்ணுவது

ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. எண்ண வேண்டியது ஒலியை. எழுத்தை எண்ணினால் ஏமாந்துவிடுவோம். பலம் என்பதன் பன்மையான 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லில் ஒன்பது எழுத்துகள், ஆனால் அசை ஒன்றே ஒன்று. 'ஏரியா'வில் நான்கே எழுத்துகள், அசை மூன்று.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'புலி' நமக்கு நிரையசை, ஒன்றாக எண்ணுவோம். இங்கே அது இரண்டு. உயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

உள்ளங்கையை மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். உயிரொலி வரும்போதெல்லாம் தாடை இறங்கிக் கையில் படும். எத்தனை முறை படுகிறதோ அத்தனை அசை. சிறுபிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறைதான், பெரியவர்களுக்கும் நன்றாகவே உதவும். மங்கலான அசைகளில் தாடை லேசாகத்தான் அசையும், கவனித்துப் பாருங்கள்.

நமக்கு இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம், இல்லாத உயிரை நாம் சேர்த்துவிடுகிறோம். மெய்கள் நெருங்கி நிற்பது தமிழ் நாக்குக்குப் பிடிக்காது. ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது. ஓரசைச் சொல்லான ஃபில்ம் 'பிலிம்' என்று ஈரசை ஆகிறது. பஸ் என்பதோடு ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் பேசும்போது அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது, திருத்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் விழுந்துபோன உயிரை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். வசதியான என்ற பொருளுள்ள சொல்லை 'கம்ஃபர்டேபிள்' என்று நீட்டி, டேபிளில் அழுத்துகிறோம். அது 'கம்ஃப்-ட-பிள், மூன்றே அசை. காய்கறி 'வெஜ்-ட-பிள். சாக்லேட் 'சாக்-லெட், வியாபாரம் 'பிஸ்-னஸ், புதன்கிழமை 'வென்ஸ்-டே, எல்லாம் இரண்டிரண்டு அசை. இறந்தகால வாலான 'எட்' தனி அசையாவது டி ஒலியில் முடியும் வினைகளில் மட்டும்தான், அதாவது கடைசி ஒலி t அல்லது d எழுத்தின் ஒலியாக இருந்தால்தான்: 'வான்-டெட், 'நீ-டெட். மற்ற இடங்களில் மெய்யோடு ஒட்டிவிடும். வேலை செய்தேன் என்பதற்கு 'வொர்க்ட்' என்று ஓரசையாகச் சொல்ல வேண்டும். 'வொர்க்கெட்' என்பது நம் ஊரில் மிகப் பரவலான பிழை.

இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு, ஓர் ஒலிக்காகச் சேர்ந்து நிற்கும் இரண்டு எழுத்துகளைப் பிரிக்காதே என்பது போன்ற விதிகள் பாடப்புத்தகங்களில் நிறைய இருக்கும். வரி முடிவில் சொல்லை ஒடித்து எழுத அவை பயன்படும். வாயால் சொல்வதற்கு அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அசை எத்தனை, அழுத்தம் எங்கே என்ற இரண்டும் சரியாக வந்தால் வெட்டு ஓர் எழுத்து தள்ளி விழுந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது.

அழுத்தம்: இங்கேதான் வால் வேலை செய்கிறது

தமிழ்ச் சொல்லின் அசைகளை நாம் ஏறத்தாழச் சம பலத்தில் சொல்கிறோம். எந்த அசையைக் கொஞ்சம் ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது, கேட்பவருக்கும் புரியும். ஆங்கிலம் பேசிப் பழகிய காது வேறு மாதிரி கேட்கிறது. அது முதலில் அழுத்தமான அசையைத் தேடுகிறது. அதை வைத்துத்தான் எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கிறது. எல்லா ஒலியையும் சுத்தமாகச் சொல்லி, அழுத்தத்தை மட்டும் இடம் மாற்றிப் போட்டால் "என்ன சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியால் பலர் உச்சரிப்பே வராது என்று மனம் தளர்ந்துபோகிறார்கள். திருத்த வேண்டியது பெரும்பாலும் ஒரே ஓர் அசையைத்தான்.

ஒரு குடும்பத்தைப் பாருங்கள். புகைப்படம், 'ஃபோ-ட-க்ராஃப். புகைப்படக் கலை, ஃப-'டா-க்ர-ஃபி. அது சம்பந்தமான, ஃபோ-ட-'க்ரா-ஃபிக். வேர் ஒன்றுதான். வால் மாற மாற அழுத்தம் முதல் அசையிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் நகர்கிறது. தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வால்களை மூன்று வகையாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகை, தனக்கு முந்தின அசைக்கு அழுத்தத்தைத் தள்ளும் வால்கள். 'ஷன்' என்று ஒலிக்கும் எல்லா வாலும், 'இக்', 'இக்கல்', 'இட்டி' ஆகியவையும் இதில் வரும். மின்சாரக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இ-'லெக்-ட்ரிக், இ-லெக்-'ட்ரி-ஸி-டி, இ-லெக்-'ட்ரி-ஷன். மூன்றிலும் அழுத்தம் வாலுக்கு முன்னால்தான். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். சி என்ற ஒரே எழுத்து முதலில் 'க்', அடுத்து 'ஸ்', கடைசியில் 'ஷ்' என ஒலிக்கிறது. எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது, வாலைப் பார்த்து ஊகிக்கலாம். பொறுப்பு என்பதற்கான சொல்லும் இதே வகைதான்: ரி-ஸ்பான்-ஸ-'பி-ல-டி. விலக்குகள் இருக்கின்றன. அரபு மொழியின் பெயரும், அரசியலைக் குறிக்கும் 'பாலிடிக்ஸ்' என்பதும் 'இக்' இருந்தும் முதல் அசையில் அழுத்தம் பெறும். டெலிவிஷனும் பெரும்பாலும் முதல் அசையில்தான். கையளவு விலக்குகள்தான், எதிர்ப்படும்போது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைப் பலகையின் ஆலஜி, ஆஸ்கபி, எக்டமி எல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. கடைசியிலிருந்து மூன்றாவது அசையில், அதாவது அந்த 'ஆ' அல்லது 'எ' வரும் இடத்தில் குரல் ஏறும். நெ-'ஃப்ரா-ல-ஜி. எண்-'டாஸ்-க-பி. கோ-ல-'னாஸ்-க-பி. டான்-ஸி-'லெக்-ட-மி. ஒன்றைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரண்டாவது வகை, அழுத்தத்தைத் தன் மேலேயே போட்டுக்கொள்ளும் வால்கள். என்-ஜி-'னியர், ஜா-ப-'னீஸ். மருத்துவத்தில் ஐடிஸ், ஓஸிஸ், ஓமா. ஆ-'த்ரை-டிஸ் என்பதை நம்மில் பலர் 'ஆர்த்ரிட்டிஸ்' என்கிறார்கள். வாலில் இருப்பது 'ஐ' என்பது தெரிந்துவிட்டால் அ-பென்-டி-'ஸை-டிஸ் உட்பட எல்லா அழற்சிக்கும் அதே ஒலிதான். த்ராம்-'போ-ஸிஸ், க்ளா-'கோ-ம இவையும் இதே மாதிரி.

மூன்றாவது வகை எதையும் அசைக்காத வால்கள்: லி, நஸ், ஃபுல், லஸ், மென்ட், இங். இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்துக்கு அழுத்தம் கண்டுபிடியுங்கள், அப்புறம் திரும்ப ஒட்டுங்கள். டி-'வெ-லப் இரண்டாவது அசையில் அழுத்தம் பெறும். மென்ட் சேர்ந்தாலும் டி-'வெ-லப்-மென்ட்தான். நாம் வழக்கமாக முதல் அசையில் அழுத்தி 'டெவலப்மென்ட்' என்கிறோம்.

'ஏட்' என்ற வால் கொஞ்சம் தனி. நீளமான வினையாக இருந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம்: க-'ம்யூ-னி-கேட். இதே வாலுடைய சில சொற்கள் பெயராகவும் வினையாகவும் வரும். வினையில் வால் முழுசாக 'ஏட்' என்று ஒலிக்கும், பெயரிலோ பெயரடையிலோ மங்கி 'அட்' ஆகிவிடும். பிரித்து வை என்றால் 'செ-ப-ரேட், தனியான என்றால் 'செப்-ரட். டூப்ளிகேட், எஸ்டிமேட், கிராஜுவேட் மூன்றும் இப்படியே.

மங்கிய உயிர்

அழுத்தம் ஓர் அசையில் ஏறினால் அக்கம்பக்கத்து அசைகள் இளைத்துவிடும். அவற்றின் உயிரொலி அகரம் போல, ஆனால் அகரத்தைவிடச் சுருக்கமாக, வாயை ஏறக்குறைய அசைக்காமலே வரும். மொழியியலில் இதற்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஐந்து உயிரெழுத்தில் எதுவும் இந்த ஒலியைத் தரலாம் என்பதால் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த மாதிரி இளைத்த ஒலி தமிழனுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'காடு', 'பாட்டு', 'பந்து' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறதா? குவியாது. ஒரு மாத்திரை இருக்க வேண்டியது அரை மாத்திரையாகக் குறைகிறது. இதைக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, தொல்காப்பியம் ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. உயிரொலியைக் குறுக்கிச் சொல்லும் அந்தப் பழக்கம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லின் கடைசியில் செய்வதை நடுவிலும் செய்யத் துணிய வேண்டும், அவ்வளவுதான்.

ஃப-'டா-க்ர-ஃபி என்று நான் எழுதியிருக்கும் முதல் 'ஃப' அப்படித்தான் மங்க வேண்டும். அங்கே 'ஃபோ' என்று முழுசாகத் திறந்தால், அழுத்தம் மறுபடி முதல் அசைக்கு ஓடிவிடும்.

இனி, பின்னாலிருந்து கூட்டுவது

பிரித்தாயிற்று, அழுத்தம் தெரிந்தாயிற்று. வாய் ஒத்துழைக்க வேண்டுமே. அதற்கு மொழி ஆசிரியர்கள் வகுப்பில் செய்யும் ஒரு பயிற்சி இருக்கிறது. சொல்லைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டுவது. கேஸ்ட்ரோஎன்டராலஜியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ல-ஜி
'ரா-ல-ஜி
ட-'ரா-ல-ஜி
என்-ட-'ரா-ல-ஜி
ட்ரோ-என்-ட-'ரா-ல-ஜி
கேஸ்-ட்ரோ-என்-ட-'ரா-ல-ஜி

ஏழு அசை. முன்னாலிருந்து கூட்டினால் போகப் போகத் தெரியாத இடத்துக்குப் போகிறோம், குரல் தயங்குகிறது, நடுவில் அறுந்துவிடுகிறது. பின்னாலிருந்து கூட்டும்போது புதிய அசை தொடக்கத்தில் வருகிறது. அதைத் தாண்டினால் ஏற்கெனவே பலமுறை சொன்ன பகுதிதான். அழுத்தமான அசையும் இரண்டாவது வரியிலேயே வந்துவிடுவதால் கடைசி வரை இடம் மாறுவதில்லை.

ஏழு, எட்டு அசை உள்ள சொல்லுக்கு ஒரே அழுத்தம் போதாது. தலைப்பக்கம் இன்னொரு லேசான அழுத்தம் தேவை. மேலே உள்ள சொல்லில் 'கேஸ்' என்பதில் அது விழும். இந்த இரண்டாம் அழுத்தம் முதல் அசையிலோ இரண்டாவதிலோ தவறாமல் இருக்கும். அகராதியில் கீழ்ப்பக்கம் போட்ட சிறு கோடு அதைக் குறிக்கும்.

இதே முறையில் 20 எழுத்துள்ள இன்டர்நேஷனலைஸேஷனை முயன்று பாருங்கள். கணினித் துறையில் மென்பொருளைப் பல மொழிகளுக்கு ஏற்றதாக்குவதற்கு இந்தப் பெயர். எழுதச் சலித்துப்போய், முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 18 எழுத்து என்பதால் 'ஐ18என்' என்று சுருக்கி எழுதுகிறார்கள். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு இருக்கிறது: நேஷன், நேஷனல், இன்டர்நேஷனல், இன்டர்நேஷனலைஸ், கடைசியில் முழுச்சொல். இதில் நடு அடுக்கான இன்டர்நேஷனலை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம் புதிதாக உண்டாக்கினார். நேஷனில் உள்ள நெட்டொலி, வால் சேர்ந்து நேஷனல் ஆனதும் குறுகி, எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே உள்ள ஒலியாகிவிடும். முழுச்சொல்லின் வால் 'ஷன்' என்பதால் அழுத்தம் அதற்கு முன்னால்: இன்-ட-நா-ஷ-ன-லை-'ஸே-ஷன். எட்டு அசை.

தைரியம் வந்துவிட்டால் 45 எழுத்துச் சொல்லொன்று இருக்கிறது. எரிமலையின் நுண்துகளைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய் என்று பொருள்படும்படி, அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-ல் வேண்டுமென்றே நீளமாகக் கட்டியது. ந்யூமனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்காபிக், ஸிலிகோ, வால்கேனோ, கோனி, ஓஸிஸ் என்ற ஏழு துண்டு: நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூசி, நோய்நிலை. 19 அசை. வால் ஓஸிஸ், ஆகவே பெரிய அழுத்தம் எங்கே என்று இப்போது உங்களுக்கே தெரியும்: கோ-னி-'ஓ-ஸிஸ். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.

அந்தச் சொல்லின் முதல் எழுத்து பி, ஆனால் ஒலிக்காது. நிமோனியாவிலும் அப்படித்தான், சைக்காலஜியிலும் அப்படித்தான். கிரேக்கத்தில் சேர்ந்து ஒலித்த இந்த மெய்க்கூட்டு ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் முதல் மெய் ஊமையாகும். சொல்லின் நடுவில் வந்தால் உயிர் பெற்றுவிடும். ஹெலிகாப்டரில் பி நன்றாகக் கேட்கிறதே, அதனால்தான்.

அகராதியை எப்படிப் பார்ப்பது

அகராதியில் சொல்லின் நடுவே புள்ளி வைத்துப் பிரித்திருந்தால் அது அச்சில் வரியை ஒடிக்கும் இடம். பலர் அதையே அசைப் பிரிப்பு என்று நினைத்துக் குழம்புகிறார்கள். பக்கத்திலேயே ஒலிக்குறியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்த வரியில் மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடி, அதற்கு அடுத்த அசையைச் சற்று ஓங்கியும் நீட்டியும் சொல்லுங்கள். எல்லா ஒலிக்குறியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேல் கோடும், தலைகீழாக நிற்கும் ஷ்வாக் குறியும் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். இணைய அகராதி என்றால் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்துவதற்கு முன்பே உங்கள் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முதலில் கேட்டுவிட்டால் காது சோம்பேறியாகிவிடும்.

பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் சில சொற்களில் விலகும். ஆய்வுக்கூடத்தை இங்கிலாந்தில் ல-'பா-ர-ட்ரி என்பார்கள், அமெரிக்காவில் 'லாப்-ர-டோ-ரி என்பார்கள். விளம்பரம் இங்கிலாந்தில் அட்-'வர்-டிஸ்-மென்ட், அமெரிக்காவில் ஆட்-வர்-'டைஸ்-மென்ட். இரண்டில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டும் சரிதான்.

பயிற்சிக்கு வீட்டிலேயே இருக்கிறது

பயிற்சிக்கு ஆங்கில நாவல் எதுவும் வாங்க வேண்டாம், வீட்டு மருந்து டப்பாவைத் திறங்கள். மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1950-ல் தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, ஒரே வகை மருந்துகளுக்குப் பொதுப்பெயரில் ஒரே வால் வைக்கிறார்கள். ஸ்டாடின் என்று முடிந்தால் பெரும்பாலும் கொழுப்பைக் குறைப்பது. ப்ரஸோல் என்றால் பெரும்பாலும் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. ஸிலின் என்றால் பெனிசிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக். ஓலால் என்று முடிபவற்றில் பெரும்பாலானவை இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிப்பவை. பொருளும் வாலில் இருக்கிறது, அழுத்தத்துக்கான குறிப்பும் அங்கேதான்: அ-டோர்-வ-'ஸ்டா-டின், அ-மாக்-ஸி-'ஸி-லின், பான்-'டோ-ப்ர-ஸோல். இந்த அறிவு பெயரை வாசிக்க மட்டும்தான். எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவர் வேலை.

பாரசிட்டமாலும் இப்படிக் கட்டிய சொல்தான். பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால் என்ற வேதிப்பெயரின் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். அமெரிக்காவில் அதே வேதிப்பெயரிலிருந்து வேறு துண்டுகளை எடுத்து அ-ஸீ-ட-'மி-ன-ஃபென் என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் போனவர்கள் மருந்துக்கடையில் பாரசிட்டமால் கேட்டுக் கிடைக்காமல் திகைத்தால், இரண்டாவது பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு ஜோடியைப் பழகிக்கொள்ளுங்கள். 'ப்ரெட்-னி-ஸோன், ப்ரெட்-'னி-ஸ-லோன். இரண்டுமே ஸ்டீராய்டு வகை, எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டும் வேறு வேறு மருந்து. முதலாவதில் மூன்று அசை, அழுத்தம் முதலில். இரண்டாவதில் நான்கு அசை, அழுத்தம் இரண்டாவதில். தொலைபேசியில் மருந்துக்கடைக்குச் சொல்லும்போது வேகமாக உருட்டாமல் அசை அசையாகச் சொல்லி, எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை வாசித்து, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டு வையுங்கள்.